அத்தானின் பேஸ்மென்ட் தோட்டமும் என்னிடம் வரும் கேள்விகளும்

என் அக்காவின் கணவர் கனடாவில், ஸ்காபரோவில் தன் வீட்டு பேஸ்மென்டில் கஞ்சாச் செடி வளர்க்கிறார். ஒளித்து வைத்து அல்ல. அங்கத்தைய சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா அனுப்பிய பதிவுப் பத்திரம் சுவரில் ஒட்டியிருக்கிறது, யார் கேட்டாலும் காட்டுவார். இந்த விஷயம் எப்படியோ திருகோணமலை உவர்மலையில் எங்கள் ஒழுங்கைக்குள் கசிந்துவிட்டது. அம்மாவுக்கு அன்றிலிருந்து ஒரே பதற்றம். "அங்க சட்டம் விடும், இஞ்ச விடாது, நீ வாயைத் திறக்காத" என்று சொல்லிச் சொல்லியே பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அவவே எல்லாவற்றையும் தெரியப்படுத்திவிட்டா.

அதற்குப் பிறகு என்னிடம் ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள். மொட்டைமாடியில் நான் நிறையச் சாடிகள் வைத்திருப்பதால் செடி என்றால் என்னிடம் கேட்பது வழக்கம். ஒருவருக்கு மூட்டு வலி, ஒருவரின் அப்பாவுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு சாப்பாடு இறங்குவதில்லை, இன்னொருவரின் பிள்ளைக்கு வலிப்பு. கேள்வி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: ஒரு சாடியில் ஒன்று வைத்தால் என்ன?

வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் "சட்டம் விடாது" என்று ஒரு வரியில் முடித்தால் அது அரைப்பதில்தான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

அத்தானுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறையை உடம்பின் எதிர்ப்பு சக்தியே தாக்கும் நோய். அவருக்குக் கால்தான் பெரிய பிரச்சினை, இரவில் தசை இறுகி முறுக்கிப் பிடிக்கும். தசையைத் தளர்த்தும் பக்லோஃபென் குளிசை எடுத்தார், இப்போதும் எடுக்கிறார், ஆனால் அளவைக் கூட்டினால் பகல் முழுக்கத் தூக்கமும் காலில் பலவீனமும். அந்த நேரத்தில்தான் நரம்பியல் டொக்டரே கஞ்சா மருந்தைப் பற்றிக் கதைத்திருக்கிறார். கஞ்சாவிலிருந்து எடுத்த சட்டிவெக்ஸ் என்ற வாய்க்குள் அடிக்கும் ஸ்பிரேயைக் கனடா இந்த நோயின் நரம்பு வலிக்கு 2005இலேயே அனுமதித்தது, தசை இறுக்கத்துக்கு 2010இல், ஆகவே இது யாரோ யூடியூப்பில் பார்த்துச் சொன்ன வைத்தியம் இல்லை. பிரச்சினை விலை. கடையில் வாங்கும் மருத்துவக் கஞ்சாவுக்குக்கூட அங்கே கலால் வரி உண்டு, அத்தானின் காப்புறுதி அதற்குக் காசு கொடுக்கவில்லை. எனவே வீட்டில் வளர்க்கும் வழிக்குப் போனார்.

அந்த வழி சும்மா திறந்ததும் இல்லை. டெரி பார்க்கர் என்ற வலிப்பு நோயாளி தன் வீட்டில் தனக்காக வளர்த்ததற்காகக் குற்றம் சாட்டப்பட்டு, 2000ஆம் ஆண்டு ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் வென்றார். அடுத்த ஆண்டு நோயாளர்களுக்கான விதிகள் வந்தன. பிறகு அரசாங்கம் வீட்டில் வளர்ப்பதை நிறுத்தி, கம்பனிகளிடம்தான் வாங்க வேண்டும் என்று மாற்றப் பார்த்தது. அதையும் நோயாளர்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள், 2016இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் விழுந்தது. 2018 ஒக்டோபர் 17க்குப் பிறகு நோயே இல்லாதவரும் அங்கே வீட்டுக்கு நான்கு செடி வைக்கலாம் (கியூபெக் மாகாணத்தில் அதற்குத் தடை). நோயாளர்களின் கணக்கு வேறு. டொக்டர் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்று எழுதுகிறாரோ அதை வைத்துத்தான் செடிகளின் எண்ணிக்கை: நாளுக்கு 1 கிராம் என்றால் வீட்டுக்குள்ளே 5 செடி, வெளியே தோட்டத்தில் என்றால் 2.

இனி வளர்ப்பு. அத்தான் வீடியோவில் காட்டும்போது எனக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் ஊரில் இருந்த காலத்தில் ஒரு துளசிக்குத் தண்ணீர் ஊற்றாத மனுசன். இப்போது ஒரு கறுப்புக் கூடாரம், எல்ஈடி விளக்கு, நேரம் வைத்து அணைக்கும் கருவி, ஈரப்பதம் பார்க்கும் மானி, மணம் வெளியே போகாமல் இருக்கக் கரி வடிகட்டி. இது பகலின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி. பதினெட்டு மணித்தியாலம் வெளிச்சம் கொடுத்தால் இலையும் தண்டுமாக வளரும், பன்னிரண்டாகக் குறைத்தால் பூவுக்குத் திரும்பும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மருந்துக்கு வேண்டியது மகரந்தம் படாத பெண் பூ, அதனால் ஆண் செடி தலைகாட்டியதும் பிடுங்கி எறிய வேண்டும். பூவின் மேல் சின்னச் சின்னதாகப் பிசின் மணிகள் வரும், அவை கண்ணாடி போலத் தெளிவாக இருந்து பால் நிறத்துக்கு மாறுவதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அறுப்பார்.

இதைக் கேட்டுவிட்டு "எங்களுக்கு விளக்கே தேவையில்லையே, வெயில் இருக்கே" என்பார்கள். அது அவ்வளவு லேசு இல்லை. ரொறொன்ரோவில் ஜூன் மாதப் பகல் பதினைந்து மணித்தியாலத்துக்கு மேல் நீளும், செடி நன்றாக வளர்ந்துவிட்டுப் பிறகு பூக்கும். திருகோணமலை நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரைப் பாகையில் இருக்கிறது, வருடத்தின் ஆக நீண்ட பகலுக்கும் ஆகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியாலம் அளவுதான் வித்தியாசம். அங்கத்தைய வகைச் செடி இங்கே எந்த மாதமும் அவசரப்பட்டுப் பூக்கப் பார்க்கும். அதைவிடப் பெரிய தலையிடி ஈரம். கச்சான் வீசும் மாதங்களில் இலை கருகும் சூடு, வாடை தொடங்கி மார்கழி மழை பிடித்தால் அலுமாரிக்குள் இருக்கும் செருப்பே பூஞ்சணம் பிடிக்கும் ஊர் இது. இறுக்கமான பூவுக்குள் பூஞ்சணம் உள்ளிருந்து தொடங்கும், வெளியே தெரியாது. சாதாரண ஆளுக்கு இருமலோடு போகலாம். கீமோ எடுத்து எதிர்ப்பு சக்தி விழுந்த ஒருவர் அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சணத்தை மூச்சோடு இழுத்தால் உயிருக்கே ஆபத்து. யாருக்காக வளர்க்க நினைக்கிறோமோ அவருக்குத்தான் முதல் அடி.

சரி, பூஞ்சணம் இல்லாமல் ஒருவர் வடிவாக வளர்த்துவிட்டார் என்றே வைப்போம். இந்த இடத்தில்தான் நான் நின்று கதைக்க வேண்டும், ஏனென்றால் கேட்பவர்கள் யாருமே இதை யோசித்து வருவதில்லை. எவ்வளவு கொடுப்பீர்கள்?

ஒரு கிராம் காய்ந்த பூவில் டிஎச்சி, அதாவது போதை தரும் வேதிப்பொருள், 20 வீதம் என்றால் 200 மில்லிகிராம். 10 வீதம் என்றால் 100. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. வாயால் எடுக்கும் ஒரு புது ஆளுக்கு டொக்டர்கள் தொடங்கும் அளவு இரண்டரை மில்லிகிராம், சிலருக்கு அதிலும் குறைவு. கனடாவில் கடையில் விற்கும் உணவுப் பொருள் ஒரு பொதிக்குள் 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கவே கூடாது. ஆக ஒரு சின்னப் பூவுக்குள் எண்பது பேருக்கான தொடக்க அளவு இருக்கலாம், அல்லது நாற்பது பேருக்கானது. சாப்பிட்டால் உடனே தெரியவும் மாட்டாது, ஒன்று இரண்டு மணித்தியாலம் போகலாம், ஏனென்றால் ஈரல் அதை இன்னும் வீரியமான இன்னொன்றாக மாற்றித்தான் இரத்தத்துக்கு அனுப்புகிறது. "ஒண்டும் செய்யேல்லையே" என்று எழுபது வயது மனுசனுக்கு இன்னொரு கரண்டி கொடுத்தால் பிறகு அவர் நெஞ்சு படபடத்து, தலை சுற்றி, விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார்.

அத்தான் இதை எப்படிச் சமாளிக்கிறார் என்றால், ஒவ்வொரு அறுப்பிலும் ஒரு மாதிரியை அனுமதி பெற்ற ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார். அங்கிருந்து வீதக் கணக்கு வந்த பிறகுதான் எண்ணெயில் எடுத்து, ஒரு மில்லிலீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று போத்தலில் எழுதி ஒட்டுகிறார். ஒரு கொப்பி இருக்கிறது: எத்தனை மணிக்கு, எவ்வளவு, இரவு கால் எத்தனை தரம் பிடித்தது, காலையில் மந்தமா. அக்கா கணக்காளர், கொப்பி அவவின் வேலையாகத்தான் இருக்கும். டொக்டரிடம் போகும்போது செடியின் படத்தை அவர் காட்டுவதில்லை, கொப்பியைத்தான் காட்டுகிறார்.

இங்கே சாடியில் வளர்ப்பவர் எந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்? கொண்டுபோய்க் கொடுத்தால் ஆளையும் சேர்த்துத்தான் எடுப்பார்கள்.

வலிப்புப் பிள்ளையின் அம்மாவுக்கு நான் சொன்னது இன்னும் கடுமை. செய்தியில் அவர் பார்த்தது எபிடியோலெக்ஸ் என்ற மருந்து, அமெரிக்காவில் 2018இல் அனுமதித்தது. அது டிராவே, லெனொக்ஸ் கஸ்டோ என்ற இரண்டு அபூர்வமான வலிப்பு நோய்களுக்காக வந்தது, உள்ளே இருப்பது கஞ்சாவிலிருந்து சுத்தமாகப் பிரித்த, போதை தராத சிபிடி என்ற பொருள். போதை தரும் டிஎச்சி இல்லை. வீட்டுச் செடியில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: டிஎச்சி நிறைய, சிபிடி சொற்பம். அதோடு சிபிடி மற்ற மருந்துகளை உடம்பு கரைக்கும் வேகத்தையும் மாற்றும், குளோபசாம் என்ற வலிப்பு மருந்து எடுக்கும் பிள்ளைக்கு அந்த மருந்தின் விளைபொருள் இரத்தத்தில் கூடிவிடும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கும் பெரியவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

நாட்டு வைத்தியத்தில் இருந்ததுதானே என்ற வாதமும் வரும். இருந்தது, இருக்கிறது. கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவம் படித்த ஒரு நண்பர் எனக்கு விளக்கினார்: கஞ்சாவைப் பச்சையாகக் கொடுப்பது அந்த மருத்துவத்தில் கிடையாது, முதலில் சுத்தி செய்ய வேண்டும், கழுவிப் பாலிலோ நெய்யிலோ பக்குவப்படுத்தி, பிறகு வேறு பல சரக்குகளோடு லேகியமாகச் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு அத்தானின் சமையலறைதான் ஞாபகம் வந்தது. சூடு காட்டினால்தான் செடியில் இருக்கும் அமிலம் வேலை செய்யும் டிஎச்சியாக மாறும், அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். நெய்யில் வறுத்தவர்கள் இந்த இரசாயனத்தின் பெயர் தெரியாமலே வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கும் அளவுதான் உயிர், அந்தக் கையளவு பழக்கம் குருவிடம் இருந்து வந்தது. அது இல்லாமல் நெய்யை மட்டும் எடுத்துக்கொண்டு வைத்தியம் பார்க்க முடியாது.

இந்த நாட்டுச் சட்டத்தின் கோலத்தைப் பற்றியும் சொல்லாமல் போக மனமில்லை. 1929ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்து நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நிற்கிறது, அனுமதியில்லாமல் வளர்ப்பது குற்றம், வைத்திருப்பதும் குற்றம். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் வழியாகப் பதிவுசெய்த வைத்தியர்களுக்கு மருந்து செய்ய ஒரு வாசல் உண்டு. அந்த வாசலால் வந்த சரக்கு எது தெரியுமா? பொலிஸ் பிடித்து, வழக்கு முடிந்து, நீதிமன்றத்திலிருந்து வந்தது. 2017இல் அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்னவே, அது கைக்கு வரும்போது நாலைந்து வருடம் பழையதாகி வீரியம் போய்விடுகிறது என்று சொல்லி, அரசாங்கமே பயிரிடும் யோசனையை முன்வைத்தார். உண்மைதான், டிஎச்சி காற்றிலும் சூட்டிலும் வெளிச்சத்திலும் கிடந்தால் சிதைந்து வேறு பொருளாகிவிடும். வழக்குப் பொருள் அறையில் வருடக்கணக்காகக் கிடந்த மூட்டையிலிருந்து லேகியம்! பிறகு 2025இல் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஏற்றுமதிக்காக மட்டும் இங்கே பயிரிடும் திட்டம் செய்திகளில் அடிபட்டது. இந்த மண்ணில் விளையலாம், வெளிநாட்டு நோயாளிக்குப் போகலாம், மட்டக்களப்புப் புற்றுநோய்ப் பிரிவுக்கு பஸ் ஏறும் எங்கள் ஆளுக்கு மட்டும் ஒரு துளி கிடையாது. எனக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் நான் கேட்பது சாடி இல்லை. முதலில் அளவு எழுதிய ஒரு போத்தல், அதை எழுதிக் கொடுக்கத் தெரிந்த ஒரு டொக்டர், அதைப் பரிசோதிக்க ஒரு ஆய்வுகூடம். வீட்டில் வளர்ப்பது அதற்குப் பிறகு, விலை தாங்க முடியாதவர்களுக்காக. கனடாவிலும் ஜேர்மனியிலும் (அங்கே 2024 ஏப்ரலிலிருந்து ஆளுக்கு மூன்று செடி) வீட்டுச் செடியைப் பார்த்து ஆசைப்படுபவர்கள், பக்கத்தில் இருக்கும் டொக்டரையும் ஆய்வுகூடத்தையும் பார்ப்பதில்லை.

அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று வந்தவருக்கு நான் சொன்னது, வாந்திக்கும் வலிக்கும் இன்னும் கேட்காத மருந்துகள் இருக்கும், கிளினிக்கில் "நோவு கூடிப்போச்சு" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்பதுதான். எங்கள் ஆட்கள் டொக்டருக்கு முன்னால் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து முனகுவார்கள். மோர்ஃபின் என்ற பெயருக்கே பயம் வேறு. அது இங்கே சட்டப்படி கிடைக்கிறது, அளந்து கொடுக்கிறார்கள்.

இன்னொன்று, இதை மட்டும் எல்லோரும் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் கஞ்சா எண்ணெய்ப் போத்தலோ கஞ்சா சேர்த்த கம்மி மிட்டாயோ கொண்டுவரச் சொல்லாதீர்கள். கட்டுநாயக்காவில் பிடித்தால் டொக்டர் கடிதம் காப்பாற்றாது. கனடாவில் இருந்து எல்லை தாண்டிக் கஞ்சாப் பொருள் எதையும் எடுத்துப்போவது அங்கேயே குற்றம், மருத்துவப் பதிவு இருந்தாலும்தான். அத்தான் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு ஊருக்கு வரும்போது ஒரு துளியும் கொண்டுவருவதில்லை. வருவதற்கு முன்பே டொக்டரிடம் போய் அந்த நாட்களுக்கு மட்டும் பக்லோஃபென் அளவைக் கூட்டி எழுதி வாங்கிக்கொண்டு வருவார், வந்து பாதி நாள் எங்கள் விறாந்தையில் தூங்கி வழிவார், அம்மா அதற்கும் ஏசுவா.