தாய்லாந்தில் ஃப்யூஷன் தேடிச் சாப்பிட்டது

தாய்லாந்து போகிற நண்பர்கள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: ஏசியன் ஃப்யூஷன், அதாவது பல நாட்டுச் சமையலைக் கலந்து செய்வது, என்று பலகை வைத்த உணவகத்துக்குப் போக ஆசை இருந்தால் தாராளமாகப் போங்கள். ஆனால் அதற்கு முன்னால் வடக்கே இருக்கும் சியாங் மாய் நகரில் ஒரு கிண்ணம் காவ் சோய் என்ற தேங்காய்ப்பால் குழம்பு நூடுல்ஸ் சாப்பிட்டுவிடுங்கள். அந்த வரிசையில் சாப்பிட்டால்தான் எது நிஜமாகவே கலந்தது, எது சும்மா ஒட்டவைத்தது என்று நாக்குக்குப் பிடிபடும்.

சியாங் மாய் நைட் பஜாரிலிருந்து ஆற்றுப் பக்கமாக நடந்தால் பான் ஹோ பள்ளிவாசல் இருக்கும் குறுகலான தெரு வரும். சீனாவின் யுனான் மாகாணத்திலிருந்து கோவேறு கழுதைகளில் சரக்கேற்றி மலைப்பாதை வழியாக வந்த முஸ்லிம் வணிகர்களின் வழிவந்த குடும்பங்கள் இந்தப் பகுதியில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை காலையில் போனால் பள்ளிவாசலுக்கு அருகே யுனான் சந்தையையும் பார்த்துவிடலாம். சுற்றிலும் ஹலால் கடைகள். பன்றி இறைச்சி கலந்துவிடுமோ என்ற கவலை இருக்கிறவர்களும் இங்கே நிம்மதியாக உட்காரலாம்.

நான் போன கடையில் நாலைந்து மேசைதான். வாசலிலேயே அடுப்பு. அங்கே நின்ற அம்மா முட்டை நூடுல்ஸை வலைக்கரண்டியில் போட்டு வெந்நீரில் முக்கி எடுத்து, இரண்டு உதறு உதறி, கிண்ணத்தில் கவிழ்த்தார். அதன்மேல் மஞ்சளும் காய்ந்த மிளகாயும் கொத்தமல்லி விதையும் கருப்பு ஏலக்காயும் சேர்ந்த குழம்பு. அதற்கும் மேலே ஒரு கரண்டி கெட்டித் தேங்காய்ப்பால். கடைசியாக, அதே நூடுல்ஸை எண்ணெயில் பொரித்து வைத்திருந்ததில் ஒரு கைப்பிடி. பக்கத்தில் சின்னத் தட்டில் ஊறவைத்த கடுகுக்கீரை, பச்சையாக நறுக்கிய சின்ன வெங்காயம், எலுமிச்சைத் துண்டு, எண்ணெயில் வறுத்த மிளகாய் விழுது. விலை 60 பாட்.

இந்தப் பக்கத்தட்டை அலங்காரம் என்று நினைத்துத் தள்ளிவைக்கிற பயணிகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதலில் குழம்பை மட்டும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், தேங்காய்ப்பால் நாக்கில் கனமாகப் படியும். அப்புறம் எலுமிச்சையைப் பிழிந்து, கீரையையும் வெங்காயத்தையும் போட்டுக் கலக்குங்கள். கீரையின் புளிப்பு அந்தக் கொழுப்பை வெட்டுகிறது. வெங்காயம் காரமாகக் கடிபடுகிறது. பொரித்த நூடுல்ஸ் பாதி ஊறி, பாதி மொறுமொறுவென்று நிற்கிறது. நூடுல்ஸும் ஊறவைத்த கீரையும் சீன வழி, மசாலா மேற்கேயிருந்து வந்த வழி, தேங்காய்ப்பால் தென்கிழக்காசியா. ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்துக்குள் ஒரு வேலை இருக்கிறது. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது தடுமாறும். நல்ல ஃப்யூஷன் என்றால் எனக்கு இதுதான் அளவுகோல்.

அந்த அளவுகோலோடு பாங்காக்கில் ஒரு பெரிய ஷாப்பிங் மால் உணவகத்தில் உட்கார்ந்தேன். பெயர் வேண்டாம். மெனு ஒரு புத்தகம் மாதிரி கனம். டாம் யம் என்ற புளிப்புக் கார சூப்பின் ருசியில் செய்த பீட்சாவும், கொரியாவின் ஊறவைத்த காய்கறியான கிம்ச்சி போட்ட பட் தாய் என்ற வதக்கிய நூடுல்ஸும் வாங்கினேன். இரண்டுமே ஏமாற்றம். ஏன் என்று அன்றிரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

டாம் யம்மின் உயிர் அதன் ஆவியில் இருக்கிறது. எலுமிச்சைப் புல்லையும் பேரரத்தையையும் நசுக்கிப் போட்டு, காஃபிர் எலுமிச்சை இலையைக் கிழித்துப் போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். சாப்பிடும்போது அந்தத் தண்டையும் இலையையும் நாம் ஒதுக்கித்தான் வைக்கிறோம், மணம் மட்டும் சூப்பில் இறங்கியிருக்கும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பிழிவார்கள், கொதித்தால் புத்துணர்ச்சி போய்க் கசப்பு தட்டும். இவ்வளவு பார்த்துப் பார்த்துக் காப்பாற்றுகிற வாசனையை ரொட்டிமேல் தடவி, சீஸால் மூடி, கொதிக்கிற ஓவனுக்குள் தள்ளினால் என்ன மிஞ்சும்? புளிப்பும் இனிப்பும் கலந்த ஒரு சிவப்புப் பூச்சுதான் மிஞ்சியது.

பட் தாய் கதை வேறு. அதுவே ஒரு கலப்பு உணவு. நூடுல்ஸை வாணலியில் வதக்குகிற முறை, டோஃபு, உப்பிட்ட முள்ளங்கி எல்லாம் சீனப் பக்கம். புளி, மீன் சாஸ், பனைவெல்லம் எல்லாம் உள்ளூர். 1930களின் கடைசியிலும் 1940களிலும் பிபுன்சோங்க்ராம் பிரதமராக இருந்தபோது, அவரது அரசு நாட்டுணர்வை வளர்க்கும் முயற்சியில் மக்களை நூடுல்ஸ் சாப்பிடச் சொல்லி ஊக்குவித்தது. பட் தாய் நாடெங்கும் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, அந்தத் தட்டில் ஏற்கெனவே ஒரு புளிப்பு இருக்கிறது, ஊறவைத்த காய் ஒன்றும் இருக்கிறது. அதன்மேல் கிம்ச்சி போட்டால் இரண்டாவது புளிப்பு முதலாவதோடு மோதுகிறது. போதாததற்கு கிம்ச்சித் தண்ணீர் இறங்கி நூடுல்ஸ் நசநசவென்று ஆகிவிட்டது. கொரிய உணவுமீது எனக்கு ஒரு குறையும் இல்லை, அந்தக் கிம்ச்சியைத் தனியாகச் சாப்பிட்டபோது நன்றாகவே இருந்தது.

மறுநாள் பாங்காக்கின் ஆரி பகுதியில் ஒரு சின்ன காஃபேயில் ஸ்பெகட்டி கீ மாவ் சாப்பிட்டேன். இத்தாலிய நூடுல்ஸ், தாய்லாந்து வாணலி. பாங்காக் காஃபேக்களில் இது சர்வ சாதாரணம். பூண்டும் மிளகாயும் இடித்துப் போட்டு, கொத்தோடு பச்சை மிளகு, விரல்விரலாக இருக்கும் க்ரசாய் என்ற கிழங்கு, கடைசியில் துளசி. பெரிய தீயில் சில நிமிட வேலைதான். இதில் வழக்கமாகப் போடுகிற அகலமான அரிசி நூடுல்ஸ் கொஞ்சம் அசந்தால் உடைந்துவிடும். ஸ்பெகட்டி அந்தத் தீயைத் தாங்குகிறது, குழையாமல் நிற்கிறது, ஒவ்வோர் இழையிலும் மசாலா ஒட்டிக்கொள்கிறது. பச்சை மிளகுக் கொத்தைப் பல்லால் உருவிச் சாப்பிடும்போது வருகிற காரம் மிளகாய்க் காரத்திலிருந்து தனியாகத் தெரிந்தது. இரண்டாவது தட்டும் வாங்கினேன்.

பாங்காக்கில் அரை நாள் கிடைத்தால் குடி சின் பகுதிக்குப் போங்கள். சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரையில், வாட் அருண் கோயிலுக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிறது. 1767இல் பழைய தலைநகர் அயுத்தயா வீழ்ந்த பிறகு, மன்னர் தக்சின் போர்ச்சுகீசியக் கத்தோலிக்கர்களுக்கு இங்கே குடியிருக்க இடம் கொடுத்தார். சாந்தா குரூஸ் தேவாலயத்தைச் சுற்றி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கவேண்டிய சந்துகள். அதற்குள் ஒன்றிரண்டு வீடுகளில் இன்னும் கனோம் ஃபராங் என்ற கேக் சுடுகிறார்கள். வாத்து முட்டை, சர்க்கரை, கோதுமை மாவு, அவ்வளவுதான். வெண்ணெய் கிடையாது, ஈஸ்ட் கிடையாது, முட்டையை அடித்து அடித்துத்தான் உப்பவைக்கிறார்கள். முறை போர்ச்சுகீசியருடையது. ஆனால் மேலே பாருங்கள்: உலர்திராட்சையோடு சர்க்கரைப் பாகில் ஊறிய பூசணித் துண்டு, சீன வழக்கப்படி. அதன்மேல் தூவிய சர்க்கரை சூட்டில் இறுகி, கடிக்கும்போது மேலே நறுக்கென்றும் உள்ளே பஞ்சாகவும் இருக்கிறது. சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். அங்கிருந்து சற்றுத் தூரத்திலேயே சீனச் சாயல் கொண்ட கல்யாணமித் பௌத்தக் கோயிலும், கால்வாய்க்கு அந்தப் பக்கம் தாய்லாந்துக் கட்டடப் பாணியில் எழுப்பிய வெள்ளைப் பள்ளிவாசலும் உண்டு. இத்தனை பேர் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருநூறு வருஷத்துக்கு மேல் வாழ்ந்த இடத்தில் கேக்குக்கு மேல் சீன இனிப்பு வந்து உட்கார்ந்தது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

மசமன் குழம்பை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அதனால் நான் நீட்டப்போவதில்லை. பட்டை, கிராம்பு, ஏலக்காயோடு புளியும் வேர்க்கடலையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த குழம்பு. சோறு வேண்டாம், ரொட்டியோடு கேளுங்கள். பரோட்டா மாதிரி மாவை வீசி மடித்துச் சுடுகிற ரொட்டி அது. ராத்திரியில் அதே ரொட்டியில் வாழைப்பழம் வைத்துக் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிக் கொடுப்பார்கள், அதையும் விடாதீர்கள்.

சரி, பெரிய உணவகங்கள்? அங்கும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: சமைக்கிறவருக்கு அந்தக் கலப்பு சொந்தமா? கொல்கத்தாவில் பிறந்த ககன் ஆனந்த் 2010இல் பாங்காக்கில் தொடங்கிய ககன் உணவகம், 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் ஆசியாவின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. யாவராட் சீனக் குடியிருப்புப் பக்கம் பாம் என்று அழைக்கப்படும் சமையல் கலைஞர் பிச்சாயா நடத்துகிற பொதோங், அவருடைய குடும்பம் சீன மருந்துக் கடை வைத்திருந்த அதே பழைய கட்டடத்தில் இயங்குகிறது. தாய்லாந்துச் சீனக் குடும்பத்தில் பிறந்தவர் தாய்லாந்துச் சீன உணவைப் புதிதாகச் சமைக்கிறார். உலகின் சிறந்த பெண் சமையல் கலைஞர் விருது 2025இல் அவருக்குக் கிடைத்தது. இந்த மாதிரி இடங்களுக்கு ஆயிரக்கணக்கான பாட் ஆகும், முன்பதிவு இல்லாமல் போகவே முடியாது. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 சதவீதம் சேவைக் கட்டணமும் 7 சதவீதம் வரியும் தனி என்று அர்த்தம். மால் உணவகங்களிலும் இது உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கைந்து பேராகப் போகிறவர்கள் ஒரு வேளையாவது சுகி சாப்பிடலாம். பெயர் ஜப்பானிலிருந்து வந்தது. மேசை நடுவில் கொதிக்கும் சூப்பில் காயும் இறைச்சியும் போட்டெடுப்பது சீன முறை. தொட்டுக்கொள்ள வருகிற மிளகாய்ச் சாஸ் தாய்லாந்துடையது, ருசி முழுக்க அதில்தான்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். காய்கறிக் குழம்பு என்று கேட்டு வாங்கினாலும் மீன் சாஸ் விழுந்திருக்கும், குழம்பு விழுதிலேயே இறால் சேர்த்து அரைத்திருப்பார்கள். ஃப்யூஷன் உணவகங்களில் பரிமாறுகிறவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து போட்ட ஜே கொடி தொங்குகிற கடையைத் தேடுங்கள். சீன பௌத்த வழிச் சைவம் அது. இறைச்சி, மீன், முட்டை, பால் மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூட இல்லை. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில், அதாவது பெரும்பாலும் அக்டோபரை ஒட்டி, ஒன்பது நாள் ஜே திருவிழா நடக்கும். தெற்கே புக்கெட் தீவில் அது மிகப் பெரிது. அந்த ஒன்பது நாளும் நூடுல்ஸ் கடையிலிருந்து பெரிய உணவகம்வரை ஜே சமையல் கிடைக்கும், இறைச்சியைப் போலவே செய்த சோயா வகைகள் உட்பட. சைவக்காரர்கள் அந்த ஆண்டின் தேதியைப் பார்த்துவிட்டு விமான டிக்கெட் போடுவது நல்லது. புக்கெட்டில் அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும், அதை முதலில் பிடித்துவிடுங்கள்.