ஒரு சார்ஜில் உண்மையில் எவ்வளவு தூரம்?

மூன்று வாரமாக வீட்டில் இதே பேச்சுதான். பெட்ரோல் காரை விட்டுவிட்டு எலக்ட்ரிக்குக்குப் போகலாமா? எம்ஜி காமெட், டாடா டியாகோ, டாடா பஞ்ச் மூன்றையும் ஓட்டிப் பார்த்தோம்.

காமெட் மூன்று மீட்டர் நீளம்கூட இல்லை, எங்கள் தெருவுக்கென்றே செய்த மாதிரி. ஆனால் பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் ஒரு அரிசி மூட்டை வைக்க இடமில்லை. வழியில் சார்ஜிங் நிலையத்தில் வேகமாக ஏற்றிக்கொள்ளும் டிசி ஃபாஸ்ட் சார்ஜிங்கும் கிடையாது. ஊருக்குள் மட்டும் என்றால் சரி.

டியாகோவின் 24 யூனிட் பேட்டரிக்கு 2022இல் அறிவித்த ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், 315 கிலோமீட்டர். அது சோதனைக்கூடக் கணக்கு. ஏசி போட்டு, நாலு பேர் ஏறி, நெடுஞ்சாலையில் 90இல் போனால் யூனிட்டுக்கு எட்டு கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது. ஆக 190. தாம்பரத்திலிருந்து விழுப்புரம் போய்விடலாம், திரும்பும்போது சார்ஜ் போட்டே ஆக வேண்டும்.

என் மனது 35 யூனிட் பஞ்சில்தான் நிற்கிறது. விலை கூடுதல்தான். ஆனால் 2024இல் இந்தியாவின் கார் பாதுகாப்புத் திட்டமான பாரத் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி. அப்புறம் அம்மா ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "இதுல முட்டி வலிக்கலடா" என்றார்.

பஞ்ச் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், நெடுஞ்சாலையில் உங்களுக்கு எவ்வளவு வருகிறது?