வேக்கியூமுக்கு எவ்வளவு மெமரி கொடுப்பது?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வரில் ராத்திரி தொடங்கிய வேக்கியூம் (டெட் ரோக்களை, அதாவது அழித்த அல்லது மாற்றிய ரோக்களின் பழைய பிரதிகளை, நீக்கும் வேலை) விடிந்தும் முடியவில்லை என்றால், பலர் முதலில் டிஸ்க்கைத்தான் சந்தேகப்படுகிறார்கள். அதற்கு முன் லாக்கைப் பாருங்கள். ஆட்டோவேக்கியூம் (தானாக ஓடும் வேக்கியூம்) பதிவில், டேபிள் பெயருக்குப் பக்கத்திலேயே ‘இண்டெக்ஸ் ஸ்கேன்ஸ்: 8’ என்பதுபோல ஓர் எண் இருக்கும். அது 0 அல்லது 1 என்றால் மெமரியைத் தொட வேண்டாம். அதற்கு மேல் போனால் மெமரி போதவில்லை என்று பொருள்.

வேக்கியூம் டேபிளைப் படித்தபடியே டெட் ரோக்களின் முகவரிகளை மெமரியில் சேர்க்கும். இடம் நிரம்பியதும் டேபிளைப் படிப்பதை அப்படியே நிறுத்திவிட்டு, எல்லா இண்டெக்ஸையும் முதலிலிருந்து கடைசிவரை படித்து அந்த முகவரிகளை நீக்கும். பிறகுதான் விட்ட இடத்துக்குத் திரும்பும். 16-ஆம் பதிப்பு வரை ஒரு முகவரிக்கு 6 பைட். இந்த மெமரியின் அளவைச் சொல்லும் மெயின்டெனன்ஸ்_ஒர்க்_மெம் அமைப்பில் டீஃபால்ட்டான 64 எம்பியில் சுமார் 1.1 கோடி முகவரிகள்தான் அடங்கும். 40 கோடி ரோ உள்ள டேபிளில், ஆட்டோவேக்கியூம் தொடங்கும் டீஃபால்ட் 20 சதவீத வரம்பைத் தொடும்போது 8 கோடி டெட் ரோக்கள் சேர்ந்திருக்கும். அப்படியானால் 8 சுற்று. 5 இண்டெக்ஸ் இருந்தால் 40 முழு வாசிப்பு. 512 எம்பி கொடுத்தால் ஒரே சுற்று, 5 வாசிப்போடு வேலை முடிகிறது. ‘ரேமில் இத்தனை சதவீதம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு வைப்பதைவிட இந்தக் கணக்கு எவ்வளவோ மேல்.

16 வரை 1 ஜிபிக்கு மேல் எவ்வளவு வைத்தாலும் வேக்கியூம் அதைப் பயன்படுத்தாது. 2024-ல் வந்த 17-இல் அந்த உச்சவரம்பு இல்லை. முகவரிகளை ரேடிக்ஸ் ட்ரீ என்ற சுருக்கமான அமைப்பில் வைப்பதால் மெமரியும் மிகக் குறைவாகவே பிடிக்கும்.

ஆட்டோவேக்கியூமுக்கான தனி அளவான ஆட்டோவேக்கியூம்_ஒர்க்_மெம் -1 ஆக இருந்தால், மெயின்டெனன்ஸ்_ஒர்க்_மெம் அளவையே ஒவ்வொரு ஒர்க்கரும் (ஆட்டோவேக்கியூமை ஓட்டும் பிராசஸ்) எடுத்துக்கொள்ளும். டீஃபால்ட்டாக ஒர்க்கர்கள் 3. ஓர் இண்டெக்ஸ் கட்டுவதற்காக கான்ஃபிக் ஃபைலில் மெயின்டெனன்ஸ்_ஒர்க்_மெம்மை உயர்த்திவிட்டு மறந்துபோவதுதான் ஆபத்து. மெமரி தீர்ந்து லினக்ஸ் ஒரு பிராசஸைக் கொன்றால், போஸ்ட்கிரெஸ் எல்லா கனெக்‌ஷனையும் துண்டித்து ரெகவரிக்குப் போய்விடும். அதனால் ஆட்டோவேக்கியூம் அளவைத் தனியாக எழுதி ரீலோட் செய்யுங்கள், ரீஸ்டார்ட் தேவையில்லை. இண்டெக்ஸ் கட்டும் மெமரியை அந்த செஷனில் மட்டும் செட் கட்டளையால் உயர்த்துங்கள். பூலர் (சில கனெக்ஷன்களைப் பலருக்குப் பகிர்ந்து தரும் இடைநிலை மென்பொருள்) வழியாக வேண்டாம், சர்வருக்கே நேராக இணையுங்கள்; டிரான்ஸாக்‌ஷன் மோடில் அந்த செட் வேறொருவர் கனெக்‌ஷனில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இண்டெக்ஸ் கட்டும்போது மெயின்டெனன்ஸ்_ஒர்க்_மெம் அளவு மொத்த வேலைக்கும் சேர்த்துத்தான். குவெரிகளுக்கான ஒர்க்_மெம் போலப் பெருகாது. பங்கேற்கும் ஒவ்வொரு பிராசஸுக்கும் 32 எம்பி மிஞ்ச வேண்டும் என்பதால், 64 எம்பியில் லீடரோடு ஒரே ஒரு ஒர்க்கர்தான் சேர முடியும்.

டெட் ரோக்களை ‘இன்னும் நீக்க முடியாது’ என்று லாக் சொன்னால் மெமரி எவ்வளவு கொடுத்தும் பயனில்லை. மூடப்படாத டிரான்ஸாக்‌ஷனையோ கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட்டையோ (நகல் சர்வருக்காகப் பிடித்துவைக்கும் இடம்) தேடுங்கள்.

ஓடும் வேக்கியூமின் நிலையைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_பிராக்ரஸ்_வேக்கியூமில் இண்டெக்ஸ் சுற்று ஏறிக்கொண்டே போனால், ஓடுகிற வேக்கியூமுக்கு நடுவில் புது அளவு எட்டாது. அதை நிறுத்தி, செஷனில் மெமரியை உயர்த்தி, கையால் ஓட்ட வேண்டும். முடிந்த சுற்றுகள் வீணாகாது. கையால் ஓட்டும் வேக்கியூமுக்கு காஸ்ட் டிலே (இடையிடையே விடும் இடைவேளை) டீஃபால்ட்டில் 0. டிஸ்க்கை முழு வேகத்தில் இழுக்கும் என்பதால், சுமை குறைந்த நேரத்தில் ஓட்டுங்கள்.