வீடும் திசைகாட்டியும்: மட்டக்களப்பில் இருந்து யாழ்ப்பாணம் வரை

2024 நவம்பர் 14 பொதுத்தேர்தல் முடிவுகள் வந்தபோது எல்லாரும் ஒரு வரைபடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். இலங்கை முழுக்க ஒரே நிறம். கிழக்கில் மட்டக்களப்பு மட்டும் வேறு நிறம். 22 தேர்தல் மாவட்டங்களில் 21 இல் தேசிய மக்கள் சக்தி முதலிடம், 225 ஆசனங்களில் 159. யாழ்ப்பாணமும் அந்த 21 இற்குள் இருந்ததுதான் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய செய்தி. விகிதாசாரத் தேர்தல் வந்த பிறகு தெற்கைத் தளமாகக் கொண்ட ஒரு கட்சி யாழ் மாவட்டத்தில் முதலாவதாக வந்தது இதுதான் முதல் தடவை.

நான் மட்டக்களப்பான். சுன்னாகத்தில் பெரியம்மா வீட்டில் ஒரு விசேஷம் இருந்தது. எப்படியும் போக வேண்டிய பயணம், அடுத்த வாரமே பஸ் ஏறினேன்.

வாழைச்சேனை தாண்டும் வரை சுவர்களில் தமிழரசுக் கட்சியின் வீடும் முஸ்லிம் காங்கிரசின் மரமும்தான். மாரி மழையில் ஊறி, வேட்பாளர்களின் முகம் பாதி கரைந்து, சின்னமும் விருப்பு இலக்கமும் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. வெலிகந்தையில் எழுத்து சிங்களமாகிறது. அதற்குப் பிறகு ஹபரணை வரைக்கும் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி, திசைகாட்டி. பொலனறுவையில் இருக்கும் 5 ஆசனங்களில் 4 அவர்களுக்கு. அங்கே ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. 2022 இல் எரிபொருள் வரிசையில் நின்ற விவசாயி, உரம் இல்லாமல் வயலைப் போட்ட விவசாயி, பழைய கட்சிகளை மன்னிக்கவில்லை.

பக்கத்து ஆசனத்தில் களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்த ஒரு ஐயா. கிளிநொச்சியில் இருக்கும் மகளிடம் போகிறார். தேர்தலைப் பற்றிக் கேட்டதும் நிமிர்ந்து இருந்தார்.

“நாங்க வீட்ட விடல்ல தம்பி. விட்டா மேய்ச்சல்தரைய ஆர் கேக்கிற?”

மயிலத்தமடு, மாதவனைப் பக்கத்துப் பண்ணையாளர்கள் வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். வெளியில் இருந்து வந்து பயிர்செய்கிறவர்களால் மாடு மேய்க்க நிலம் இல்லாமல் போகிறது. அந்த நெருக்கடி மட்டக்களப்பில் ஒவ்வொரு நாளும் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. கோத்தாபய காலத்திலும் ரணில் காலத்திலும் அரசோடு நின்று பதவி வகித்த தமிழர்களில் எங்கள் மாவட்டத்தில் ஒருவர், கிழக்கின் முன்னாள் முதலமைச்சர் பிள்ளையான். ஆட்சியில் இருந்தவர்கள் மீதான கோபம் அவர் பக்கம் போனது. 2020 இல் வென்ற ஆசனத்தை அவர் இழந்தார். தமிழரசுக் கட்சி 96,975 வாக்குகளோடு 5 இல் 3 ஆசனங்களை எடுத்தது. திசைகாட்டிக்கு 55,498 வாக்கும் ஓர் ஆசனமும். மற்றையது முஸ்லிம் காங்கிரசுக்கு.

வவுனியாவில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். வன்னியின் 6 ஆசனங்களில் 2 திசைகாட்டிக்கு, மிச்சம் நான்கும் நான்கு வேறு கட்சிகளுக்கு. வரைபடத்தில் வன்னியும் அந்த ஒரே நிறத்தில்தான் இருந்தது! ஐயா பரந்தனுக்கு முன்னமே இறங்கிவிட்டார். ஆனையிறவு தாண்டும்போது நல்ல இருட்டு.

பெரியப்பா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். விசேஷ வீட்டுச் சந்தடிக்குள்ளும் மேசையில் பழைய பத்திரிகையை மடித்து வைத்திருந்தார். அதன் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டிருந்தார். வடக்கின் முடிவை எனக்குப் புரியவைத்தது அந்த ஓரம்தான்.

யாழ் மாவட்டத்துக்கு இப்போது 6 ஆசனங்கள். (2010 இல் 9 இருந்தது, சனம் குறையக் குறைய ஆசனமும் குறைந்தது. போருக்கும் புலம்பெயர்வுக்கும் நாங்கள் கொடுத்த விலை இந்த எண்ணிலும் தெரிகிறது.) முதலிடம் வருகிற கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். 5 வீதத்துக்குக் கீழே வந்தவர்களைக் கழித்துவிட்டு, மிச்சம் 5 ஆசனங்களை வாக்குப்படி பிரிப்பார்கள். அந்தக் கணக்கில் ஓர் ஆசனத்துக்கு ஏறத்தாழ 50,000 வாக்கு வேண்டும். அதைத் தொட்டது இரண்டு கட்சிகள்தான்: தேசிய மக்கள் சக்தி 80,830, தமிழரசுக் கட்சி 63,327. ஆளுக்கொன்று போக, மிச்சம் மூன்று ஆசனங்களும் கைமிச்ச வாக்குகளின் வரிசையில் போகும். திசைகாட்டியின் மிச்சம், தமிழ்க் காங்கிரசின் சைக்கிளுக்கு விழுந்த 27,986, வைத்தியர் அர்ச்சுனாவின் ஊசிச் சின்னத்துக்கு விழுந்த 27,855. வீட்டிடம் மிஞ்சியது அவற்றில் பாதியளவுதான்.

ஆக, 63,327 வாக்குக்கும் ஓர் ஆசனம், 27,855 வாக்குக்கும் ஓர் ஆசனம். நாலில் ஒரு பங்கு வாக்கோடு திசைகாட்டிக்கு ஆறில் மூன்று. வீட்டையும் சைக்கிளையும் மட்டும் கூட்டினாலே 91,313 வருகிறது.

“பிரிஞ்சு நிண்டு தோத்தவை,” என்றார் பெரியப்பா. “கணக்கு இவ்வளவுதான்.”

கணக்கு அவ்வளவுதான். ஆனால் கதை அதோடு முடியவில்லை. செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் இதே மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தியின் தலைவர் அநுர குமார திசாநாயக்கவுக்கு விழுந்தது 27,086 வாக்கு. எட்டே கிழமையில் அது 80,830 ஆனது எப்படி?

அடுத்த நாள் மச்சான் மோட்டார் சைக்கிளில் பலாலி வீதிக்குக் கூட்டிப்போனான். உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் 34 வருடம் மூடிக்கிடந்த துண்டு அது. தேர்தலுக்கு இரண்டு கிழமைக்கு முதல், நவம்பர் 1 இல் திறந்துவிட்டார்கள். பகலில் மட்டும். இடையில் நிற்கக் கூடாது, நடந்து போகக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று அறிவிப்புப் பலகை. இரண்டு பக்கமும் முட்கம்பி, உள்ளே பற்றைக்குள் கூரையில்லாத வீடுகள். மச்சான் வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் ஓடிக்கொண்டே சொன்னான்:

“நான் இவைக்குத்தான் போட்டனான் அண்ணை. ஒளிக்க என்ன இருக்கு? ரோட்டைத் திறந்தவை. எங்கட ஆக்கள் கதிரைக்குச் சண்டை பிடிச்சவை.”

அந்தச் சண்டையை நாங்களும் மட்டக்களப்பில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். 2024 ஜனவரியில் தமிழரசுக் கட்சித் தலைவர் தெரிவில் சிறீதரன் சுமந்திரனை வென்றார். பிறகு விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. ஜூன் கடைசியில் மூத்த தலைவர் சம்பந்தன் ஐயா காலமானார். ஜனாதிபதித் தேர்தலில் கட்சி சஜித் பிரேமதாசவுக்கு என்றது, சிறீதரன் தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரனோடு நின்றார். முந்திய தமிழ்த் தேசியக் கூட்டமைப்புப் பங்காளிகள் சங்குச் சின்னத்தில் தனியாகக் கேட்டார்கள். 2004 இல் 22 ஆசனம் எடுத்த கூட்டமைப்பு அது. முடிவில் சிறீதரன் வென்றார், சுமந்திரன் தோற்றார். 1994 இல் இருந்து பாராளுமன்றத்தில் இருந்த ஈ.பி.டி.பி. தலைவர் டக்ளஸ் தேவானந்தாவும் தோற்றார். அவர் தோல்வியைப் பற்றி யாழ்ப்பாணத்தில் நான் கதைத்த ஒருவரும் கவலைப்படவில்லை. சுமந்திரனைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் குரல்கள் இரண்டாகப் பிரிந்தன. எனக்குத் தனிப்பட அது இழப்பு. சட்டமூலத்தை வரி வரியாக வாசித்து வாதாடக்கூடிய ஆள் சபையில் இல்லாமல் போனது தமிழருக்கு நல்லதல்ல.

மச்சான் தமிழ்த் தேசியத்தைக் கைவிட்டு வாக்குப் போட்டான் என்று எனக்குப் படவில்லை. அன்றைக்குப் பின்னேரம், போரில் இறந்த புலிகளின் துயிலும் இல்லத்தைத் துப்புரவாக்கப் போனவர்களில் அவனும் ஒருவன். மாவீரர் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வடக்கின் பழைய கோரிக்கைகள் முடிந்துபோயின என்று அந்த ஒற்றை நிற வரைபடத்தைக் காட்டிக் கொழும்பில் பேசியவர்கள் இவனைக் கண்டிருக்க வேண்டும். காணி, காணாமல் ஆக்கப்பட்டவர்கள், அதிகாரப் பகிர்வு, எல்லாம் அவன் வாயிலும் இருக்கிறது. அதைச் சொல்ல அனுப்பியவர்கள் மீதுதான் அவனுக்குக் கோபம்.

இதை எழுதி முடிக்காமல் வைத்திருந்தேன். அதற்குள் 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலும் வந்துபோனது. யாழ் மாநகரசபையில் வீடு முதலாவதாக வந்தது, ஆனால் அறுதிப் பெரும்பான்மை இல்லை. மச்சானுக்கு எடுத்துக் கேட்டேன். இந்த முறை சைக்கிளுக்குப் போட்டானாம். திறந்த வீதியின் இரண்டு பக்கக் காணியும் இன்னும் வரவில்லையே என்றான்.

வடமாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 இல், எங்கள் கிழக்குக்கு 2012 இல். அந்தத் தேர்தலை வைக்கட்டும். யாழ்ப்பாணம் யார் பக்கம், மட்டக்களப்பு யார் பக்கம் என்று அப்போது திரும்பவும் பெரியப்பாவின் பென்சிலோடு உட்கார்ந்து பார்க்கலாம்.