ஜாப் டேப்பர் வருகிறதா, சாட்டர் அடிக்கிறதா? லேத் பிராக்டிகலுக்குப் போகிறவர்களுக்கு

லேத் பிராக்டிகலுக்குப் பழகும்போது எல்லாரும் டிராயிங்கைப் பார்த்து ஜாப்பை (லேத்தில் கடைகிற உலோகத் துண்டை) முடிப்பதிலேயே நேரத்தைச் செலவழிக்கிறோம். ஆனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நம்மைத் திணறடிப்பது "இது ஏன் இப்படி வந்தது?" என்ற ஒரே கேள்விதான். அதற்கு உடனே "ஸ்பிண்டில் பேரிங் தேய்ந்திருக்கும் சார்" என்று மெஷின் மேல் பழி போடாதீர்கள். ஜாப்பை எப்படிப் பிடித்திருக்கிறோம், அப்புறம் டூல், கடைசியில்தான் மெஷின் என்ற வரிசையில் யோசித்துச் சொன்னாலே பாதி மார்க் வந்துவிடும் என்பது என் கணிப்பு.

அதிகம் கேட்பது டேப்பர் பற்றித்தான், அதாவது ஜாப்பின் ஒரு முனை பெரிதாகவும் மறுமுனை சிறிதாகவும் வருவது. இரண்டு சென்டருக்கு (ஜாப்பின் முனைகளைத் தாங்கும் கூர்முனைகளுக்கு) நடுவே ஜாப்பைப் பிடித்து, டூலை ஜாப்பை நோக்கி நகர்த்துகிற கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், இரண்டு முனையிலும் ஒரே செட்டிங்கில் லேசாக ஒரு கட் ஓட்டி மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். ஹெட்ஸ்டாக் (ஜாப்பைச் சுழற்றும் பகுதி) பக்கம் 25.00, டெயில்ஸ்டாக் (மறுமுனையைத் தாங்கும் பகுதி) பக்கம் 25.06 மிமீ என்று வந்தால், டூல் நம் பக்கம் இருக்கிற சாதாரண லேத்தில், டெயில்ஸ்டாக் டூலை விட்டு விலகி இருக்கிறது என்று அர்த்தம். அதை நம் பக்கமாக 0.03 மிமீ நகர்த்த வேண்டும், 0.06 அல்ல, நாம் அளப்பது விட்டம், நகர்த்துவது ஆரத்தின் கணக்கு. கண் மதிப்பில் நகர்த்தாமல் டயல் இண்டிகேட்டரை வைத்துக்கொண்டே நகர்த்துங்கள், அப்புறம் இன்னொரு கட் ஓட்டி மறுபடி அளந்துவிடுங்கள்.

டெயில்ஸ்டாக்கே இல்லாமல் சக்கில் (ஜாப்பைக் கவ்விப் பிடிக்கும் பகுதியில்) மட்டும் பிடித்தபோது டேப்பர் வந்தால் கதை வேறு. வெளிமுனை பெரிதாக இருந்தால் பெரும்பாலும் ஜாப் டூலின் அழுத்தத்துக்கு வளைந்து விலகுகிறது, அதாவது தேவைக்கு மேல் வெளியே நீட்டிப் பிடித்திருக்கிறீர்கள் (விட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் நீண்டால் சென்டர் கொடுத்துவிடுவது நல்ல பழக்கம்). வெளிமுனை சிறிதாக இருந்தால்? வளைவதால் அப்படி வரவே வராது, ஏனென்றால் வளைந்தால் வெளிமுனையில் குறைவாகத்தான் வெட்டும். அப்போதுதான் ஹெட்ஸ்டாக் அலைன்மென்ட், பெட் (லேத்தின் அடித்தளம்) முறுக்கு என்று மெஷின் பக்கம் போக வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரிந்தவரை எக்ஸாமினர் அதற்கு மேல் நோண்டமாட்டார்.

சாட்டர், அதாவது வெட்டும்போது வரும் அதிர்வு, வந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும், ஜாப் மேல் அலை அலையாகக் கோடும் விழும். டூலை டூல் போஸ்ட்டிலிருந்து எவ்வளவு நீட்டியிருக்கிறோம் என்பதை முதலில் பாருங்கள், உள்ளே தள்ளிப் பிடித்தாலே பல நேரம் நின்றுவிடும். நிற்கவில்லையா, ஸ்பீடைக் குறையுங்கள், ஃபீடைக் (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரத்தைக்) கொஞ்சம் கூட்டுங்கள். ஃபீடைக் கூட்டச் சொன்னால் பலர் பயப்படுகிறார்கள், ஆனால் மெல்லிய ஃபீடில் டூல் வெட்டாமல் தேய்த்துக்கொண்டே போவதும் சாட்டருக்கு ஒரு காரணம். நோஸ் ரேடியஸ் (டூல் முனையின் வளைவு) பெரிதாக இருப்பது, ஜிப் (ஸ்லைடின் இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை) லூசாக இருப்பது எல்லாம் அதற்கு அடுத்துதான். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லையென்றால் எது சரிசெய்தது என்று உங்களுக்கே சொல்லத் தெரியாது.

ஸ்பீடு கேட்டால் N = 1000V/πD. இதில் N ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), V வெட்டு வேகம் (நிமிடத்துக்கு மீட்டரில்), D விட்டம் (மிமீயில்). 25 மிமீ மைல்ட் ஸ்டீலை எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலில் நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகத்தில் வெட்ட, சுமார் 318 ஆர்பிஎம் வரும். கியரில் அதற்குக் கீழே உள்ள அருகாமை ஸ்பீடை எடுங்கள்.

ஃபேசிங்கில் (ஜாப்பின் முனை முகத்தைத் தட்டையாக வெட்டும்போது) நடுவில் குமிழ் நின்றால் டூல் சென்டர் உயரத்தில் இல்லை. மெஷினை நிறுத்திவிட்டு, உருண்டையான ஜாப்புக்கும் டூல் முனைக்கும் நடுவே ஸ்டீல் ரூலை மெதுவாக நெருக்குங்கள். ரூலின் மேல் முனை நம் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்வு, அந்தப் பக்கம் சாய்ந்தால் உயர்வு, நேராக நின்றால் சரி.

அளவு தப்புவது பெரும்பாலும் பேக்லாஷால்தான், அதாவது திருகுக்கும் நட்டுக்கும் நடுவே இருக்கும் தளர்வால். டயலில் கொஞ்சம் தாண்டிவிட்டால் அப்படியே கோட்டுக்குத் திருப்பி நிறுத்தாதீர்கள், அரைச் சுற்றாவது பின்னால் போய் மறுபடி முன்னோக்கி வந்து நிறுத்துங்கள்.

மூன்று ஜா (கவ்விப் பிடிக்கும் தாடை) சக்கில் ஜாப்பைக் கழற்றி மாட்டினால் பழைய மையம் அப்படியே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். ஒரே மையத்தில் இருக்க வேண்டிய விட்டங்களை ஒரே பிடியில் முடித்துவிடுங்கள். திருப்பிப் பிடித்தே ஆக வேண்டும் என்றால் நான்கு ஜா சக்கும் டயல் இண்டிகேட்டரும்தான் வழி. அதிலும் எதிரெதிர் ஜாக்களில் டயல் காட்டும் வித்தியாசத்தில் பாதியைத்தான் நகர்த்த வேண்டும்.