மீடியத்தில் போடுகிறோம், மாத்திரையாக வேண்டாம் என்கிறோம்

அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில் சரியானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அது மனதை விட்டுப் போகவில்லை.

அவருடைய அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், டி செல் என்ற எதிர்ப்புச் செல்லின் பிரேக்கை விடுவிக்கும் பிடி-1 தடுப்பு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஆய்வுக்கூடத்தில் டி செல் வளர்ப்பது என் வேலை. ரத்த மாதிரி வாங்க வார்டுக்குப் போன என்னிடம் அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரையைக் காட்டி, "ஆன்டிஆக்ஸிடன்ட்தானே மேடம், எதிர்ப்பு சக்திக்கு நல்லதுன்னு வாங்கினேன்" என்றார். வேண்டாம், டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள் என்றேன். அவர் பயோடெக் படிப்பவர். "டி செல் வளர்க்கும்போது நீங்களே இதைப் போடுவீங்களே?" என்றார்.

போடுகிறோம்தான், செல் வளரும் திரவமான மீடியத்தில். எலியின் டி செல் என்றால் அதே வேலை செய்யும் மெர்காப்டோஎத்தனாலும் சேரும். மூடியைத் திறந்தாலே அழுகிய முட்டை நாற்றம். இன்குபேட்டரில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய வெளிக்காற்றின் அளவுக்கு இருக்கிறது, உடல் திசுக்களில் அதைவிட மிகக் குறைவு. அந்தக் கூடுதல் ஆக்ஸிஜனை செல்லால் தாங்க முடியாது, அதற்குத்தான் இவற்றைப் போடுகிறோம்.

புற்றுநோய்க் கட்டிக்குள் நிலைமை இன்னும் மோசம். அங்கே குவியும் மைலாய்டு செல்கள் (ஒருவகை வெள்ளையணுக்கள்), செல்லைச் சேதப்படுத்தும் பெராக்சைடையும் பெராக்ஸிநைட்ரைட்டையும் கொட்டுகின்றன. பெராக்ஸிநைட்ரைட் டி செல்லின் ஏற்பியையே மாற்றிவிடுகிறது. அப்புறம் அதற்கு எதிரி யார் என்று தெரிவதில்லை. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகி செல் சோர்ந்துபோகிறது. அப்படியென்றால் மாத்திரை கொடுப்பதுதானே நியாயம்? அவருடைய கணக்கு அதுதான். அதுவரைக்கும் அதில் ஓட்டை இல்லை.

"செல் வளர்க்கிற டிஷ்ல கட்டி இல்லை தம்பி, உடம்புல இருக்கு" என்றேன். மாத்திரை டி செல்லுக்கு மட்டும் போகாது. புற்றுநோய் செல்லும் இதே பெராக்சைடில்தான் தவிக்கிறது, அதையும் காப்பாற்றிவிடலாம். 2014-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், நுரையீரல் கட்டி உள்ள எலிகளுக்கு அசிட்டைல்சிஸ்டீனோ வைட்டமின் இ-யோ கொடுத்தபோது கட்டி வேகமாக வளர்ந்தது. 1994-ல் வந்த பின்லாந்து ஆய்வில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% கூடுதலாக வந்தது. தவிர, டி செல் விழித்துக்கொள்வதற்கே கொஞ்சம் பெராக்சைடு வேண்டும். மொத்தமாகத் துடைத்துவிட்டால் அது வேலைக்கே வராது.

சரி, இவ்வளவும் தெரிந்துதான் சொன்னேன். ஆனால் அந்த ஸ்வீடன் எலிகளுக்கு பிடி-1 மருந்து ஏற்றவில்லை. பின்லாந்தில் பார்த்தது நோய் வருகிறதா என்பதைத்தான். பிடி-1-ஐக் கண்டறிந்த ஹோஞ்சோவின் குழு கியோட்டோவில் 2017-ல் காட்டியது என் பக்கம் பேசுகிறது: பெராக்சைடு போன்றவற்றைக் கூட்டி மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டிவிட்டால் பிடி-1 தடுப்பு இன்னும் நன்றாக வேலை செய்கிறது. அதுவும் எலியில்தான். அப்படியிருக்க என் "வேண்டாம்" அவ்வளவு உறுதியாக வந்தது எதனால்? நான் தயங்கினால் அவர் மாத்திரையைக் கொடுத்துவிடுவார் என்ற பயமும் அதில் இருந்தது. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அதை அவருக்கு அறிவியலாகச் சொன்னேனே என்பது உறுத்துகிறது.

டாக்டரும் நிறுத்தத்தான் சொன்னார்.

அவர் கேள்விக்கு நேரான பதில் வேறு இருக்கிறது. புற்றுநோயைத் தேடிப் பிடிக்க மரபணு மாற்றிய டி செல்லான கார்-டி செல்லுக்குள்ளேயே, பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியின் மரபணுவைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் செல்லும், பக்கத்தில் இருக்கும் எதிர்ப்புச் செல்களும் பெராக்சைடைத் தாங்கின, ஆய்வுக்கூடத்தில். இதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அப்பாவுக்கு எப்போது கிடைக்கும் என்று கேட்டிருப்பார்.