சதர்லேண்ட் கேள்வியில் மார்க் எங்கே போகிறது

மொரீஷியஸில் அடுத்த முறை கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் தாள் எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்கு: முடிவு வந்து மூச்சுவிட முடிகிற இந்த வாரத்திலேயே எழுதிவிடுகிறேன், சூடு ஆறினால் பாதி மறந்துபோகும்.

ஐவன் சதர்லேண்ட் என்றதும் 1963, எம்.ஐ.டி., ஸ்கெட்ச்பேட், 1988 டூரிங் விருது என்று அடுக்கிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கேட்பது ஸ்கெட்ச்பேட், அதாவது லைட் பென்னால் திரையிலேயே வரைய அவர் எழுதிய நிரல், எப்படி வேலை செய்தது என்பதைத்தான்.

லைட் பென் ஒளி வீசும் என்று எழுதினால் போச்சு. அது ஒளியை உணரும் கருவி. டிஎக்ஸ்-2 கணினி திரையில் புள்ளிகளை ஒவ்வொன்றாக ஏற்றும். பேனா முனைக்கு நேரே ஒரு புள்ளி ஒளிர்ந்த கணம் கணினிக்குச் சைகை போகும். அப்போது ஏற்றிய புள்ளி எதுவோ, அதுதான் பேனா இருக்கும் இடம். இருட்டான இடத்தில் உணர ஒன்றுமில்லை. அதனால்தான் பேனாவோடு கூடவே நகரும் சிலுவைக் குறி. கன்ஸ்ட்ரெயிண்டுக்கு (படம் கட்டுப்பட வேண்டிய நிபந்தனை) ஓர் உதாரணம் போதும்: கோணலாகப் போட்ட கோடுகளை ‘இணை’ என்று சொன்னால் அவை இணையாகிவிடும். 1968-இன் தலையில் மாட்டும் திரைக்கு ஒரே வரி: தலை திரும்பினால் வயர்ஃப்ரேம் (விளிம்புக் கோடுகள் மட்டும் உள்ள) படமும் அதற்கேற்ப மாறும்.

இனி கோஹன்–சதர்லேண்ட் கிளிப்பிங், அதாவது ஒரு கோட்டில் சாளரத்துக்கு வெளியே நிற்கும் பகுதியை வெட்டி நீக்கும் முறை. மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள். ஒரு முனை சாளரத்தின் எந்தப் பக்கத்துக்கு வெளியே இருக்கிறது என்று சொல்லும் நான்கு பிட்தான் அவுட்கோட் (outcode); வெளியே என்றால் அந்தப் பக்கத்தின் பிட் 1. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் அவுட்கோடை மறுபடி போட வேண்டும்.

சாளரம்: x 10 முதல் 50, y 10 முதல் 40. கோடு: A(0,30), B(60,0). பிட் வரிசை மேல், கீழ், வலம், இடம். விடையின் முதல் வரியிலேயே இதை எழுதிவிடுங்கள்.

- A = 0001, B = 0110. இரண்டையும் பிட் பிட்டாக ஆண்ட் (AND) செய்தால் 0000, இரண்டு முனையும் ஒரே பக்கத்துக்கு வெளியே இல்லை, ஆகவே கோட்டை முழுதாகத் தள்ள முடியாது. ஆர் (OR) செய்தால் 0111, இரண்டு முனையும் உள்ளே இல்லை, ஆகவே அப்படியே ஏற்கவும் முடியாது.
- A-ஐ இடப்பக்கம் வெட்டினால் (10,25). புது அவுட்கோட் 0000.
- B-ஐ வலப்பக்கம் வெட்டினால் (50,5). பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். y 5 தானே, சாளரத்துக்குக் கீழே! புது அவுட்கோட் 0100.
- மறுபடி, கீழ்ப்பக்கம் வெட்டினால் (40,10). அவுட்கோட் 0000, முடிந்தது.

புயல் எச்சரிக்கையில் வகுப்பு மூடி, கரண்டும் போன நாளில் இப்படிப் பத்துக் கணக்கு போடலாம். பென்சிலும் கட்டம் போட்ட தாளும் போதும்.

1974-இன் சதர்லேண்ட்–ஹாட்ஜ்மன் பாலிகனை (பலகோணத்தை) வெட்டும் முறை. சாளரத்தின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, பாலிகனின் ஒவ்வொரு விளிம்புக்கும் விடையில் சேர்க்க வேண்டியது:

- உள்ளே இருந்து உள்ளே: இரண்டாவது புள்ளி
- உள்ளே இருந்து வெளியே: வெட்டுப்புள்ளி மட்டும்
- வெளியே இருந்து உள்ளே: வெட்டுப்புள்ளி, பிறகு இரண்டாவது புள்ளி
- வெளியே இருந்து வெளியே: ஒன்றுமில்லை

மூன்றாவதில்தான் பலர் ஒரு புள்ளியை எழுத விட்டுவிடுவார்கள். குழிந்த பாலிகன் வந்தால், பிரிய வேண்டிய துண்டுகள் சாளர விளிம்பை ஒட்டிய கோட்டால் இணைந்தே நிற்கலாம். தப்பு என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். இந்த முறை தரும் விடை அதுதான். காரணத்தைப் பக்கத்தில் ஒரு வரியில் எழுதிவையுங்கள்.